பேராசிரியர் துரைராஜா: மண்ணியல் ஆய்விலிருந்து துணைவேந்தர் பதவி வரை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஆரம்பத்தில் நடத்தியவர்களை இலக்கிய வாசகர்களாகிய நாம் நன்கறிவோம். 1974இல் அது வளாகமாகத் தொடங்கியபோது முதல் தலைவர் க. கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் சு. வித்தியானந்தன். ஒருவர் விமர்சகர், மற்றவர் கூத்துக்கு மறுவாழ்வு தந்தவர். 1988இல் அந்தக் கதிரையில் வந்தமர்ந்த அழகையா துரைராஜாவைப் பற்றி எமது சஞ்சிகைகள் எதுவும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அவர் எழுத்தாளரல்லர் என்பது ஒரு காரணம். இன்னொன்று பின்னர் வரும்.

1934இல் பிறந்த வடமராட்சிக்காரர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, கென்னத் ரொஸ்கோவின் ஆய்வுகூடத்தில் களிமண்ணை ஆராய்ந்தார்.

களிமண்ணில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரியநீலாவணைக் கடற்கரையில், அலை இப்போதுதான் திரும்பிய ஈரமணலில் காலை ஊன்றிப் பாருங்கள். காலடியைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்து வெளிறும். நெருக்கமாகக் கிடந்த மணிகள் மிதிபட்டதும் ஒன்றையொன்று ஏறிக் கடக்க இடம் தேடி விலகுகின்றன; மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்குகிறது. மேற்கே வயற்சேற்றிலோ இதற்கு மறுதலை: பாரம் ஏறினால் சேறு சுருங்கும், நீர் வெளியே பிதுங்கும். விரியும் மண்ணையும் சுருங்கும் மண்ணையும் ஒரே கணக்கில் அடக்குவது எப்படி என்பதே அன்றைய கேள்வி. துரைராஜா கயோலின் களியைச் சோதித்துக் கண்டது இது: மண் விரிந்தாலும் சுருங்கினாலும், அது உருக்குலையும்போது உராய்வில் செலவாகும் சக்தி அதன்மீதுள்ள அழுத்தத்துக்கு ஏற்பவே அமைகிறது. ரொஸ்கோ, ஷோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரின் பெயரில் 1963இல் வெளியான கட்டுரை இந்தத் துறையின் மூலநூல்களில் ஒன்றுபோல எண்ணப்படுகிறது. அதிலிருந்து வளர்ந்த கோட்பாட்டுக்குக் கேம் ஆற்றின் பெயரால் 'கேம் களி' என்று பெயரிட்டார்கள். ஆற்றுக்குக் கிடைத்த புகழ் ஆளுக்குக் கிடைக்கவில்லை!

இப்படியொரு பெயரோடு மேற்கிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். இவர் நாடு திரும்பினார். இடையிடையே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றினாலும், பேராதனையே அவரது இடமாயிருந்தது. அங்கே பொறியியல் பீடாதிபதியாக இருமுறை இருந்தார். பின்னர் திறந்த பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

1988இல் யாழ்ப்பாணம் போவதை ஒரு பதவி உயர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படை ஹெலிகொப்டரில் வந்து இறங்கியது அந்தப் பல்கலைக்கழக வளவிலேதான். 1989 செப்டெம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் மீண்டும் போர். மின்சாரமில்லை, எரிபொருளில்லை. சம்பளப் பணம் கொழும்பிலிருந்து வரவேண்டும்; ஊரை ஆண்டதோ புலிகள். கொழும்பு போகக் கிளாலி நீரேரியை இரவில் படகில் கடந்த ஆண்டுகளும் அவற்றுள் அடங்கும். அந்த நிலையிலும் விரிவுரையும் பரீட்சையும் நடந்தன. கிளிநொச்சியில் விவசாய பீடமும் அக்காலத்திலேயே தொடங்கியது. 1994 ஜூனில், பதவியிலிருக்கும்போதே அவர் காலமானார்.

இனி அந்த மற்றக் காரணம். அவரைப் பாராட்டுவோருக்கு 1990 என்பது விளக்கெண்ணெயில் படித்த ஆண்டு. எங்களுக்கு அது வேறு ஆண்டு. அந்த ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் விரட்டினர். எமது பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவும் அன்றோடு அடைபட்டது. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் மொழியியல் கற்பித்த இடம் அது என்பதை நினைத்தால் இழப்பின் அளவு விளங்கும். துரைராஜா இறந்தபின் அவருக்கு 'மாமனிதர்' பட்டம் சூட்டியதும் அதே புலிகள்தாம்.

ஆனால் விரட்டும் உத்தரவு ஆயுதம் வைத்திருந்தவர்களுடையது, துணைவேந்தருடையதல்ல. இறந்தவரிடம் சம்மதம் கேட்டுப் பட்டம் கொடுப்பதுமில்லை. ஒரு பட்டத்தைக் காட்டி அந்த மனிதர் முப்பது வருடம் கற்பித்ததையும் கண்டுபிடித்ததையும் நாம் ஒதுக்கிவைப்பது எமக்கே நட்டம். அதேவேளை, அவரது நிர்வாகத் திறமையைப் புகழ்வோர், அந்த வகுப்புகளில் 1990க்குப் பின் யார் இல்லாமற்போனார்கள் என்பதையும் ஒரு வரியாவது எழுதத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடரமுடியாமற்போன எமது மாணவர்களுக்காக, எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. மறுவருடம் அது பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவிலில் பொறியியல் பீடமும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். மண்பொறியியலில் ஆழமாக இறங்கும் மாணவர், இரண்டு இடத்திலும், 1963ஆம் ஆண்டுக் கட்டுரையின் அந்த மூன்றாவது பெயரைச் சந்தித்தே ஆகவேண்டும்.