தைல மரத்தோடு வந்த பூஞ்சை: கோலார் தங்க வயலில் எந்தக் காளான் முளைக்கும்?

கோலார் தங்க வயலில் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. மிச்சம் நிற்பவை சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பிறகு கொட்டப்பட்ட கழிவு மண் 13 குவியல்களாக, சுமார் 3.3 கோடி டன் கிடக்கிறது. ஊரைச் சுற்றிய கோலார் மாவட்டத்திலோ பல பத்தாண்டுகளாக வளர்க்கப்பட்ட தைல மரத் தோப்புகள். இந்த மேட்டில் எது வளரும், தைல மரத்தை வெட்டினால் மண்ணில் என்ன மாறும்? இரண்டு கேள்விக்கும் விடை தேட, மண்ணுக்கு அடியில் இருக்கும் பூஞ்சையைப் பார்க்க வேண்டும்.

காளான் எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது?

நாம் பார்க்கும் குடை, பூஞ்சையின் பழம் மாதிரி. உண்மையான உடல், மண்ணுக்குள் பரவிய நூல் போன்ற இழைகள். குடையிலிருந்து கோடிக்கணக்கில் வித்துகள் பறந்தாலும் பெரும்பாலானவை பக்கத்திலேயே விழுந்துவிடும். தூரம் போன ஒன்றிரண்டும் பிழைக்க, அங்கே சரியான துணை இருக்க வேண்டும்.

காட்டுக் காளான்கள் பலவற்றுக்கு அந்தத் துணை ஒரு மரம். இழைகள் வேர் நுனியை உறை போலச் சுற்றிக்கொள்ளும். பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரஸும் நீரும் எடுத்துக் கொடுக்கும். மரம் சர்க்கரை கொடுக்கும். அதனால் துணை மரம் எங்கே போகிறதோ, அங்கேதான் இந்தப் பூஞ்சையும் போக முடியும்.

ட்ரஃபிள் ஏன் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது?

வறண்ட இடத்தில் மண்ணுக்கு மேலே வரும் குடை சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளேயே உருண்டையாக இருந்தால் ஈரம் தங்கும். ஆனால் காற்று வித்தைத் தூக்கிப் போகாது. அதற்குப் பதில், வாசனை. அந்த வாசனைக்கு விலங்குகள் தோண்டித் தின்று, எச்சத்தோடு வித்தைப் பரப்புகின்றன. ஆஸ்திரேலியாவின் சிறு பைம்மா விலங்குகள் சில இதையே முக்கிய உணவாகக் கொண்டவை.

இந்த உருண்டை வடிவம் ஒரே குடும்பத்தின் சொத்து இல்லை. பூஞ்சை உலகில் அது நூறு முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருப்பதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஐரோப்பாவின் விலை உயர்ந்த ட்ரஃபிளுக்கும் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான ட்ரஃபிள்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

இந்தியாவிலும் இதுபோல் உண்டா?

உண்டு. ஜார்க்கண்டில் சால மரத்தடியில் மழைக்காலத்தில் தோண்டியெடுத்து விற்கப்படும் 'ருக்டா' அப்படி ஒரு உருண்டைக் காளான். சால மரம் டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும் அதே குடும்பம்தான். மடகாஸ்கரில் உள்ள இதன் உறவு மரங்களும் இதே வகை வேர்ப் பூஞ்சைகளோடு வாழ்கின்றன. ஆகவே இந்தக் கூட்டணி, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிவதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் வாதம்.

டிப்டெரோகார்ப் மரங்களின் துணையாக மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்ட 'பைசோலித்தஸ் இண்டிகஸ்' 2005-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது.

தைல மரத்தோடு வந்தது யார்?

அந்த இண்டிகஸின் ஆஸ்திரேலிய உறவினர்கள். பைசோலித்தஸ், ட்ரஃபிளுக்கும் குடைக் காளானுக்கும் நடுவில் நிற்கும் வகை. மண்ணுக்குள் உருண்டையாகத் தொடங்கி, மேலே வந்து, பழுப்புப் பொடியாக உதிரும். பெயருக்குப் 'பட்டாணிக் கல்' என்று பொருள். வெட்டிப் பார்த்தால் உள்ளே பட்டாணி போன்ற அறைகள்.

தைல மரம் 1843-ல் நீலகிரிக்கு வந்தது. கன்னடத்தில் அந்த மரத்துக்குப் பெயரே 'நீலகிரி'. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே தைல மரத்தடியில் கிடைத்த பைசோலித்தஸ்களின் மரபணுவை ஒப்பிட்டபோது, அவற்றின் வேர் ஆஸ்திரேலியாவில் இருப்பது தெரிந்தது. மரத்தை மனிதர்கள் கொண்டு போக, பூஞ்சையும் கூடவே போயிருக்கிறது.

செம்மண்ணின் புற்றுக்காளான்?

அது வேறு கதை. அதற்குத் துணை மரம் இல்லை, கரையான். மென்ற இலைதழையின் மேல் கரையான் வளர்க்கும் இந்தப் பூஞ்சையின் பெயர் டெர்மிட்டோமைசஸ். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கிய கூட்டணி இது. கரையான் ஆசியாவுக்கு வந்தது, பூஞ்சையும் வந்தது. கரையான் இல்லாமல் விளைவிக்க முடியாததால்தான் கடையில் பாக்கெட்டில் கிடைப்பதில்லை.

சரி, இதெல்லாம் தங்க வயலுக்கு எதற்கு?

நிலத்தடி நீரைக் காக்க, புதிதாகத் தைல மரம் நடுவதற்குக் கர்நாடக அரசு 2017-ல் தடை விதித்தது. மரம் போனால் அதை நம்பியிருக்கும் பைசோலித்தஸும் போகும். அது உள்ளூர்ப் பூஞ்சை இல்லை என்பதால், இதைப் பெரிய இழப்பாகப் பார்க்க வேண்டியதில்லை.

மேடுகளின் விஷயம் அப்படி இல்லை. காற்றடித்தால் அவற்றின் தூசு வீடுகளுக்குள் வருகிறது. மரம் நட்டு மூடலாம் என்றால், 1970-களில் அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மண்ணில் பைசோலித்தஸ் ஏற்றிய பைன் கன்றுகள் நன்றாகப் பிழைத்த அனுபவம் இருக்கிறது. ஆனால் அதை இங்கே அப்படியே காப்பியடிக்க முடியாது. வேம்பும் புங்கமும் பைசோலித்தஸோடு சேராது. அவற்றின் வேருக்குள் வாழ்பவை காளானே விடாத வேறு வகை நுண்பூஞ்சைகள். கண்ணுக்குத் தெரியாததால் நடவுத் திட்டங்களில் எளிதில் மறந்துபோகக்கூடியவை.

பசுமைத் திட்டம் எது வந்தாலும், எத்தனை லட்சம் கன்று என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். கன்றின் வேரில் அதற்கேற்ற பூஞ்சை இருக்கிறதா என்றும் கேளுங்கள். உயிரில்லாத கழிவு மண்ணில் கன்று தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கும்.