யார் நிரூபிப்பது?

1993-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. இரவில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஒரு வீட்டுக்குள் பாய்கிறார்கள். உள்ளே நடிகர் மெல் கிப்சன், வைட்டமின் பாட்டிலோடு. அரசாங்கம் உங்க மாத்திரையைப் பிடுங்க வருது என்பதுதான் சேதி.

உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கேட்டதென்னவோ, பாட்டிலில் எழுதும் நோய்தீர்க்கும் பெருமைகளுக்கு ஆதாரம். காரணமும் இருந்தது. 1989-ல் எல்-டிரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்டு 1,500 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆனாலும் ஜெயித்தது பயம்தான். காங்கிரஸில் கடிதங்கள் குவிந்தன. 1994 அக்டோபர் 25 அன்று கிளின்டன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். சத்து மாத்திரை உணவு வகையில் சேர்ந்தது. விற்பதற்கு முன் அனுமதி வேண்டாம். ஆபத்து என்றால், அதை நிரூபிப்பது அரசின் பாடு.

அந்தப் பாடு எவ்வளவு என்பதை எஃபெட்ரா காட்டியது. எடை குறைக்க விற்ற மூலிகை. ரத்த அழுத்தத்தை ஏற்றும். 1997-லேயே எஃப்.டி.ஏ. கட்டுப்படுத்தப் பார்த்தது. ஆதாரம் போதாது என்றார்கள். 2003 பிப்ரவரியில், அதைச் சாப்பிட்டுவந்த பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்ளர் பயிற்சியில் சுருண்டு விழுந்தார். மறுநாள் இறந்தார். வயது 23. தடை அமலானது 2004 ஏப்ரலில். அந்தச் சட்டத்தின்கீழ் வந்த முதல் தடை அது. கடுமையான பாதிப்பு பற்றிய புகார் வந்தால் கம்பெனி அரசுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதிக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உடம்புக்கு இன்ன நன்மை என்று பெருமை பேசும் அமெரிக்க பாட்டில்களில் இன்றும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இதை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை என்று. அதை எழுதச் சொன்னதும் 1994 சட்டம்தான்.