குழந்தைப் பாடல்களில் தொடையும் அணியும்

அணியிலக்கணம் முதிர்ந்த புலவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. ஆயின், இருபதாம் நூற்றாண்டுக் குழந்தைப் பாடல்களின் வரலாற்றை நோக்குவார்க்கு, அவ்விலக்கணத்தின் முதற்பாடம் அங்கேயே தொடங்குதல் புலனாகும்.

1915இல் வெளிவந்த பாரதியாரின் ‘பாப்பா பாட்டு’ செவிக்கு விருந்தாவது. ‘பாப்பா’ என்னும் விளி அடியிறுதியில் மீண்டும் மீண்டும் வருதலால், இயைபுத் தொடையின் இன்பத்தைக் குழந்தை அதன் பெயரறியாமலே நுகர்கின்றது.

தண்டியலங்காரம் 35 பொருளணிகளுள் தன்மையணியை முதலில் வைத்து, அதன்பின்னரே உவமையைக் கூறும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) பசுவையும் கன்றையும் பாடிய பாடல் இவ்வைப்புமுறைக்கு விளக்கம் போன்று அமைந்துள்ளது. அதில் உவமை இல்லை. தாய் நக்குவதும் கன்று முட்டிப் பால் குடிப்பதும் கண்டவாறே கூறப்படுகின்றன. உள்ளதை உள்ளவாறு காணப் பழகிய கண்ணே பின்னர் ஒப்புமை காணவல்லது.

அந்நிலையை அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ (1944) என்னும் நூற்பெயரே காட்டும். பூவின் வினை ஈண்டு உள்ளத்தின்மேல் ஏற்றப்பட்டுள்ளது.

எனவே கேட்டல், காணல், ஒப்பிடல் என்பதே இப்பாடல்கள் உணர்த்தும் வரிசையாகும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மொழியணி பாடக்கூறாக உள்ளது. உவமைத்தொடரும் பொருளும் வெறும் பட்டியலாக மனனம் செய்யப்படின், இவ்வரிசை தலைகீழாகும். மாணவர் அணியின் பெயரை அறிவர், அதன் சுவையை அறியார். பாடலைப் பாடவைத்து, அதன்பின் அணியின் பெயரைச் சொல்லுதலே தக்க நெறியாம்.