தாழ்நிலையில் தோன்றும் கதைத்தலைவன்

துன்புறும் நிலையில் தலைவனை அறிமுகம் செய்தால் படிப்போர் உள்ளம் தானே அவன்பாற் செல்லும் என்பர். இரக்கம் மட்டும் கதையை நடத்திச் செல்லாது என்பதே எம் துணிபு. விக்டர் யூகோ 1862-இல் வெளியிட்டதும், சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கியதுமாகிய புதினம் இதற்குச் சான்றாகும்.

யூகோ இந்நூலை 1845-இல் தொடங்கினார். மறு ஆண்டே, ரொட்டி திருடியதற்காகக் காவலர் கொண்டு சென்ற ஒருவனைப் பாரிசுத் தெருவில் நேரிற் கண்டார். 1848-இல் நின்ற பணி, நாடு துறந்து வாழ்ந்த கெர்ன்சித் தீவில் 1860-இல் தொடர்ந்தது.

1815 அக்டோபர் மாலையொன்றில் தீஞ் நகருள் வழிப்போக்கன் ஒருவன் நுழைகிறான். ழான் வல்ழான் என்னும் அவன் பெயர் உடனே கூறப்படவில்லை. ரொட்டி திருடியதற்கு 5, தப்ப முயன்றமைக்கு 14 என 19 ஆண்டு சிறையிருந்தவன். ஆயினும் அவன் இரவலன் அல்லன். சிறையுழைப்பால் ஈட்டிய 109 பிராங்கும் 15 சூவும் அவனிடம் உள. விலை கொடுத்தே உணவும் படுக்கையும் வேண்டுகிறான். முன்னாட் கைதி என அறிந்தோர் கதவடைக்கின்றனர். சிறைச்சாலையும் ஏற்க மறுக்கிறது. நாய்க் குடிலும் இடந்தரவில்லை. அவன் வேண்டுகோள் நேரியது, மறுப்பே முறையற்றது. ஆதலின் ஒவ்வொரு வாயிலுக்கும் நாமும் உடன் செல்கிறோம்.

பூட்டப்படாத கதவுடைய ஆயர் மிரியேலின் வரலாற்றை ஆசிரியர் முன்னரே கூறிவிட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. திறக்கும் வாயிலைத் தலைவன் அறியான், நாம் அறிவோம். அவ்வெதிர்பார்ப்பே நம்மைப் பிணிக்கிறது. பின்னர் அவ்வாயரின் வெள்ளிக் கலன்களையே அவன் திருடும்போதும் நாம் அவனைக் கைவிடுவதில்லை.

வீழ்ந்து கிடப்பவனுக்கு இரங்குவோம்; எழ முயல்பவனையே பின்தொடர்வோம்.