மாறுகால் மாறுகை: வருத்தப்பட்டது யார்?

மதுரை வீரன் கதையை ஒரு ஆண், இரண்டு பெண் என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். சினிமா அப்படித்தான் சொன்னது. 1956 ஏப்ரலில் வந்த படத்தில் எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மாள். நம்ம சனம் அந்தப் படத்தைக் கொண்டாடியது. ஆனால் துரோகம் செய்தது யார், பிறகு வருத்தப்பட்டது யார் என்று கேட்டால் இந்தக் காதல் கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

கதைப்பாடல் சொல்வது இது. காசிராசன் மகன் மாலை சுற்றிப் பிறந்தான் என்று காட்டில் போடப்படுகிறான். சக்கிலியர் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். பாளையக்காரன் பொம்மண நாயக்கன் மகள் பொம்மி சமைந்து தனிக்குடிசையில் இருக்கிறாள். காவலுக்குப் போக வேண்டியது வளர்த்த தகப்பன். மழை ராத்திரியில் மகன் போகிறான். இரண்டு பேரும் ஓடிப்போகிறார்கள். துரத்தி வந்த பொம்மணன் சண்டையில் சாகிறான். திருச்சி மன்னன் வீரனுக்கு வேலை கொடுத்து, கள்ளரை அடக்க மதுரைக்கு அனுப்புகிறான். அங்கே திருமலை நாயக்கரின் அரண்மனையில் ஆடும் வெள்ளையம்மாள். அவளை அழைத்துவர ராத்திரியில் போனவன் கள்ளன் என்று பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது.

இதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. திருச்சி மன்னனாகப் பாட்டில் வரும் விசயரங்க சொக்கலிங்கன் 1706இல்தான் பட்டத்துக்கு வருகிறான். இரண்டு பேரிடமும் ஒருத்தன் சேவகம் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் ஒரு பாட்டு எதை மூடப் பார்க்கிறது என்பதும் வரலாறுதான்.

காசிராசா எதற்கு வந்தார்? நாயக்கர் வீட்டுப் பெண் சக்கிலியனோடு போனாள் என்று பாட வாய் வரவில்லை. ராசா மகனோடு போனாள் என்றால் தீட்டு கழிந்துவிடும். முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலைதான். அங்கே சக்கிலியப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் பிறப்பால் பார்ப்பனத்திகள் ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், வாளைவிட இந்தப் பிறப்புத் திருத்தம்தான் முதல் துரோகம்.

இரண்டாவது துரோகம் அரசனுடையது. கள்ளரை அடக்கும்வரை அவன் தளபதி. அரண்மனைப் பெண்ணைத் தொட்டதும் கள்ளன். பெண்ணை உடைமையாகப் பார்க்கிற அரண்மனைக்கு அது களவுதானே! பிறகு மன்னன் அழுகிறான். மீனாட்சி அருளால் வெட்டின கையும் காலும் ஒட்டுகின்றன. வீரனோ உயிர் வேண்டாமென்று போய்விடுகிறான். மன்னனின் வருத்தம் சன்னதியாகிறது. எங்கே? கிழக்குக் கோபுர வாசலில்! கோயிலுக்குள்ளே இல்லை. செத்த பிறகும் காவல் வேலைதான். அவனைக் கும்பிட்ட சனம் மீனாட்சி கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 1939 சூலை 8 வரை ஆயிற்று.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வீரன் நம்ம ஆளு என்பதற்காக அதைப் பேசாமல் விட முடியாது. அவனை நம்பி வீட்டை விட்டு வந்தவள் பொம்மி. அப்பனையும் பறிகொடுத்தவள். மதுரைக்கு வந்ததும் அவன் மனசு வெள்ளையம்மாள் பக்கம் போகிறது. இதற்கு வீரன் வருத்தப்பட்டானா? ராசாவின் அழுகைக்கு இடம் கொடுத்த பாட்டு, பொம்மியின் அழுகையை உடன்கட்டைத் தீயில் போட்டுவிட்டது. வெள்ளையம்மாளும் அதே தீயில்தான் இறங்குகிறாள். இரண்டு பெண்களுக்கும் நடுவே என்ன பேச்சு நடந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்த நம் பையனைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். தப்பிப் பிழைத்த பெண், பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னாள். பொம்மிக்குக் கிடைக்காத வாய் அவளுக்குக் கிடைத்தது.

சிலையில் இரண்டு பெண்களும் வீரனுக்கு இரண்டு பக்கமும் சும்மா நிற்கிறார்கள். அவனுக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கிறோம், வைப்போம். கூடவே பொம்மி பேசுகிற பாட்டையும் நாமே கட்ட வேண்டும். அதில் காசிராசாவுக்கு இடம் கிடையாது.