குலுக்கையும் களஞ்சியமும்

உலகம் அழியப்போகிறதென அஞ்சும் ஒரு குடும்பம் தனக்கு வேண்டிய உணவை நிலவறையில் சேர்த்துக் கதவடைத்துக்கொள்வதாகப் புனையப்பட்ட புதினங்கள் மேலைநாடுகளில் பல வெளிவந்துள்ளன. ஆயினும், பேரழிவுக்கு முன்னேற்பாடு செய்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையில் சம்சாரி வீடுகள் அதைச் செய்தே வாழ்ந்தன. அந்த ஏற்பாடு எதுவரை காத்தது, எங்கே போதாமற்போயிற்று என்பதை இங்கு நோக்குவோம்.

கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்தன. மழை பொய்க்கும் ஆண்டை மனத்திற்கொண்டு, மண்ணால் வனைந்த குலுக்கைகளில் தவசத்தைச் சேமித்தனர். மேல்வாயை மூடி மண்பூசி, அடியிலுள்ள சிறு துளை வழியே வேண்டிய அளவு எடுத்தனர். விதைத் தவசத்தைச் சாம்பலும் வேப்பிலையும் இட்டுத் தனியே காத்தனர்.

ஒரு பருவம் பொய்த்தால் குலுக்கை தாங்கும். அடுத்தடுத்துப் பொய்த்தால் தாங்காது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இதை உணர்த்தியது. மதுரை - தூத்துக்குடி இருப்புப்பாதை கோவில்பட்டி வழியாக ஓடத் தொடங்கியதும் 1876ஆம் ஆண்டில்தான். பஞ்சத்தில் உதவ வேண்டிய இருப்புப்பாதைகள், விலை கூடிய சந்தைகளுக்குத் தானியத்தைக் கொண்டு செல்லவும் பயன்பட்டன. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் அரசு 30,000 டன் தானியத்தை வாங்கி இருப்பு வைக்க முனைந்தபோது, வணிகத்தில் தலையிடலாகாதெனக் கருதிய லிட்டன் பிரபுவின் அரசு அதை ஏற்கவில்லை. நிவாரணப் பணியாளரின் கூலியும் 1877இல் குறைக்கப்பட்டது. இந்திய அளவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. பஞ்சக்காலத்தில் அரசு ஆற்றவேண்டிய கடமைகள் 1880ஆம் ஆண்டின் பஞ்சக் குழு அறிக்கைக்குப் பின்னரே விதிகளாக வகுக்கப்பட்டன.

இவ்விடத்தில் திருமறை கூறும் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு காத்து வைக்குமாறு அவர்கள் வழி கூறினார்கள். களஞ்சியப் பொறுப்பையும் தாமே கேட்டுப் பெற்றார்கள். பஞ்சம் வந்தபோது, அயல்நாட்டிலிருந்து வந்த சகோதரர்களுக்கும் அக்களஞ்சியம் திறந்தது. ஹிஜ்ரி 18இல் நேர்ந்த 'சாம்பல் ஆண்டு'ப் பஞ்சத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். மக்கள் துயர் தீரும்வரை நெய்யைத் தவிர்த்தார்கள். விலையேற்றத்தை எதிர்நோக்கிப் பதுக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாவமென்றார்கள். குடும்பத்திற்காகச் சேமிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பிறர் பசித்திருக்க அதை முடக்குவதையே கண்டிக்கிறது.

இது பழங்கதை என எண்ணிவிடலாகாது. கோவில்பட்டி அடங்கிய அதே தூத்துக்குடி மாவட்டத்தில், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் நின்றுபோன தொடர்வண்டியின் நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடி மக்கள் சமைத்து உணவளித்தனர். வெள்ளம் சூழ்ந்த வேளையில் அவர்கள் கதவடைத்துக்கொள்ளவில்லை. நம் ஜமாஅத்துகள் தத்தம் பைத்துல்மாலில் பேரிடர்க் காலத்திற்கென ஒரு பங்கை ஒதுக்கி, அதை எல்லாச் சமயத்தாருக்கும் உரியதாக்குவது, யூசுஃப் (அலை) காட்டிய வழியில் நாம் எடுத்து வைக்கக்கூடிய முதல் அடியாகும்.