படைத்தளம் தந்த கூலியும் கைத்தொழிலும்

சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இன்றைய கெடா மாநிலமே என்பது அறிஞர் பலர் துணிபு. சுங்கை பட்டாணிக்கு அருகே சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009 முதல் நடந்த அகழாய்வில் பழைய இரும்புருக்கு உலைகள் வெளிப்பட்டன. இரும்பை உருக்கத் தெரிந்த இம்மண்ணில், இருபதாம் நூற்றாண்டுத் தமிழருள் பெரும்பாலோர் அறிந்த தொழில் பால்மரம் வெட்டுதல் ஒன்றே. அவர்களைச் சுற்றிப் படைத்துறைப் பணம் பன்முறை வந்து சென்றது. அப்பணம் எங்கே கூலியோடு நின்றது, எங்கே தொழிலாக வளர்ந்தது என்பதை ஆராய்வோம்.

கூலியோடு முடிந்த வேலை

இரண்டாம் உலகப் போர் மூளுமுன் அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் வானூர்தித் தளங்கள் இருந்தன. தளம் அமைக்கும் வேலை எத்தன்மையது? காடு திருத்தல், மண் சுமத்தல், கல் பரப்புதல் ஆகியவையே அதில் பெரும்பகுதி. அதற்கு மண்வெட்டியும் கூடையும் தோள்வலியும் போதும். வேலை முடிந்த அன்றே கூலியும் முடிந்துவிடும். 1941 டிசம்பர் 8 இல் ஜப்பானியர் அத்தளங்களைக் குண்டு வீசித் தாக்கினர்; சில நாட்களில் ஜித்ரா அரணும் வீழ்ந்தது.

அதன்பின் நேர்ந்தது கொடுமை. சயாம்–பர்மா இரயில் பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். படைக்கு வேண்டியது வெறும் உடலுழைப்பே என்றாகும்போது உழைப்பவன் உயிரும் மலிந்துவிடுகிறது.

ரப்பரும் ஒரு போர்ப்பொருளே. 1950 இல் கொரியப் போர் தொடங்கியதும் வல்லரசுகள் அதனை வாங்கிக் குவித்தன. 1951 இல் இராத்தல் ஒன்றின் விலை 2 வெள்ளியையும் கடந்தது. தோட்டக் கூலி உயர்ந்தது. பின்னர் விலை சரிய, கூலியும் சரிந்தது. வெட்டுக்கத்தி பிடித்த கைக்கு வேறு கருவி மட்டும் வந்து சேரவில்லை.

தொழிலாக வளர்ந்த வேலை

இதற்கு மாறான காட்சியைச் சிங்கப்பூரின் வடகரையில் உள்ள செம்பாவாங்கில் காணலாம். அங்கே ஆங்கிலேயர் அமைத்த கடற்படைத் தளத்தில் 1938 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் பெயர் தாங்கிய உலர்துறை திறக்கப்பட்டது. தளம் கட்டுவது ஒருமுறை வேலை. கப்பலைப் பழுதுபார்ப்பதோ ஓயாத வேலை. கடைசல், பற்றவைப்பு, மின்கம்பி இணைப்பு ஆகியவற்றில் தேர்ந்தவர் பலர் வேண்டும். அத்தனை பேரையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தல் பெருஞ்செலவு. ஆதலின் உள்ளூர் இளைஞரைத் தொழில் பழகுநராகச் சேர்த்து, பட்டறையில் செய்முறையும் வகுப்பில் கணக்கும் வரைபடமும் கற்பித்தனர்.

1968 இல் ஆங்கிலப் படை விலகப்போவதாக அறிவிப்பு வந்தது. எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. ஆயினும் அவ்வாண்டே பட்டறை 1 வெள்ளி என்னும் பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. போர்க்கப்பலைப் பழுதுபார்த்த கை வணிகக் கப்பலையும் பழுதுபார்க்கும் அன்றோ? படை போயிற்று, தொழில் நின்றது.

அவ்வாயிலில் கெடாத் தோட்டச் சிறுவன் நுழைவது அரிதாயிருந்தது. தொலைவு மட்டும் காரணமன்று. தோட்டப் பள்ளி தொடக்க வகுப்புகளோடு முடிந்தது; பயிற்சிக்கோ ஆங்கிலமும் கணக்கும் வேண்டும். மூடா ஆற்றுக்குத் தெற்கே, கூப்பிடு தொலைவில் என்னுமாறு பட்டர்வொர்த் தளம் இருந்தது. 1958 முதல் 1988 வரை அது ஆஸ்திரேலிய வான்படையின் பொறுப்பில் இருந்தது. உள்ளூர் மக்கள் பலருக்கு அது வேலை தந்தது. ஆயினும் அடிப்படைக் கல்வி இல்லாதவனுக்கு அண்மைத் தளமும் தொலைத் தளமே.

ஆசிரியர் கடமை

இன்று கெடாவின் நிலை வேறு. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996 இல் திறக்கப்பட்டது. புக்கிட் காயு ஈத்தாமில் வானூர்திப் பாகங்கள் உருவாகின்றன. கூலிமிலேயே அரசின் உயர்தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் உண்டு. படைத்துறை முதலீடாயினும் பிறதுறை முதலீடாயினும், எத்தனை கோடி வருகிறது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எத்தனை பழகுநர் சேர்க்கப்படுவர், என்ன கல்வித் தகுதி கேட்கப்படும், பிற இடங்களிலும் செல்லும் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். விடை அறிந்து, அத்தகுதியை ஐந்தாம் ஆறாம் வகுப்பிலிருந்தே மாணவனிடம் வளர்ப்பது தமிழாசிரியர் கையில் இருக்கிறது.